தாதியின் பாடப்பணி அலமாரியில் தூங்க வேண்டியதில்லை

மருத்துவமனையில் ஓரிரு நாள் படுத்தவர்களுக்கு அந்தச் சிறு குழாய் நன்றாகத் தெரிந்திருக்கும். புறங்கையிலோ முழங்கைக்குக் கீழேயோ ஊசியால் குத்தி, மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ரத்தக் குழாய்க்குள் விட்டு, மேலே ஒட்டுப்பட்டை போட்டிருப்பார்கள். சிங்கப்பூர் வார்டுகளில் இதற்குப் ‘பிளக்’ என்று பெயர். மலேசியாவில் ‘பிரானுலா’ என்பார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அதைக் கழற்றிவிட்டு வேறோர் இடத்தில் புதிதாகக் குத்துவது நெடுங்கால வழக்கம்.

“ஏம்மா, இதுவே நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மறுபடியும் குத்துறீங்க?” என்று முதியவர் ஒருவர் கேட்டால், “அதுதான் இங்க முறை, அங்கிள்” என்பதற்குமேல் தாதியிடம் பதில் இருக்காது.

அந்த ‘முறை’ சரிதானா என்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் சோதித்துப் பார்த்தார்கள். தாதிமைப் பேராசிரியர் கிளேர் ரிக்கார்ட் தலைமையிலான குழு, மூன்று மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்குக் குறித்த நாளில் குழாய் மாற்றப்பட்டது. மற்றப் பிரிவினருக்குச் சிவப்போ வலியோ அடைப்போ தெரிந்தால் மட்டும் மாற்றப்பட்டது. ரத்தக் குழாய் அழற்சி இரு பிரிவிலும் ஏறக்குறைய 7 விழுக்காடுதான். 2012ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளியானது. காரணமே இல்லாமல் குத்தப்பட்ட ஊசிகள் எத்தனை என்று பல நாடுகளில் கேட்கத் தொடங்கினார்கள்.

அதோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ‘தேவைப்பட்டால் மட்டும் மாற்றுவது’ என்ற நடைமுறைக்கு மாறிய காலத்தில் இந்தக் குழாய்களால் வரும் ரத்தத் தொற்று கூடியதாக 2021ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குழாய் இருக்கும் இடத்தைத் தினமும் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்பது அடுத்த கேள்வி ஆயிற்று.

இது பேராசிரியரின் அறையில் பிறக்கிற கேள்வி அல்ல. ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கும் தாதிக்குத்தான் முதலில் தோன்றும். ஆனால் அதை ஆய்வாக மாற்ற நேரமும் நிதியும் நெறிமுறை அனுமதியும் வேண்டும். அவை பேராசிரியரிடம் இருக்கின்றன. கேள்வி ஓரிடத்தில், அதற்கான வசதி வேறோரிடத்தில். இரண்டும் வாரம் ஒருமுறையாவது ஒரே அறையில் உட்காரும் இடம் ஒன்று உண்டென்றால், அது முதுநிலைத் தாதிமை வகுப்பறை.

அந்த வகுப்பறையில் மாணவர்கள் செய்யும் பாடப்பணியை விரிவுரையாளர்களின் ஆய்வோடு இணைப்பது பற்றித் தாதிமைக் கல்வியாளர்கள் பேசுவதும் எழுதுவதும் இதனால்தான். நல்ல யோசனை. ஆனால் கவனமில்லாமல் செய்தால் மாணவரின் உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்ளும் ஏற்பாடாகவும் அது மாறிவிடும்.

விளக்கோடு கணக்கும்

தாதிமைக்கும் ஆய்வுக்கும் என்ன தொடர்பு என்று இன்றும் சிலர் கேட்பதுண்டு. கிரைமியப் போரின்போது ஸ்குட்டாரி மருத்துவமனைக்குப் போன ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் கையில் இருந்த விளக்கை எல்லாருக்கும் தெரியும். அவர் திரும்பி வந்து போட்ட கணக்கு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. காயத்தால் மாண்ட வீரர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டவர்களே மிக அதிகம் என்பதை 1858ல் அவர் வட்ட வடிவ வரைபடமாகப் போட்டுக் காட்டினார்.

இன்னும் வார்டுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு டோரீன் நார்ட்டன். படுத்த படுக்கையான முதியோரின் முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவது ஒரு காலத்தில் தாதியரின் அன்றாட வேலை. பழைய தாதியர் பலருக்கு அந்த வாசனையே நினைவிருக்கும். பிரிட்டனில் நார்ட்டனும் அவருடைய சகாக்களும் முதியோர் வார்டுகளில் செய்த ஆய்வு 1962ல் வெளியானது. தோலில் எதைத் தடவுகிறோம் என்பதைவிட நோயாளியை உரிய நேரத்தில் புரட்டிப் படுக்க வைப்பதுதான் படுக்கைப் புண்ணைத் தடுக்கிறது என்பது அதில் தெளிவானது. யாருக்குப் புண் வரும் அபாயம் அதிகம் என்று மதிப்பெண் போட்டுக் கணிக்கும் அளவுகோலும் அந்த ஆய்விலிருந்து வந்ததுதான். எலும்பு துருத்தும் இடங்களில் அழுத்தித் தேய்க்கக் கூடாது என்பது இன்றைய வழிகாட்டி.

சிங்கப்பூரில் முதுநிலைத் தாதிமைப் படிப்பு 2003ல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இளநிலைப் பட்டப்படிப்பு அதற்குப் பிறகே, 2006ல் வந்தது. மாடி முதலில், வீடு பிறகு என்பது போலத் தோன்றினாலும் அதற்குக் காரணம் இருந்தது. நோயாளியைப் பரிசோதித்து, சோதனை முடிவுகளைப் படித்து, சிகிச்சையில் முடிவெடுக்கும் பொறுப்பை ஏற்கக்கூடிய, ஏபிஎன் எனப்படும் உயர்நிலைத் தாதியர் அவசரமாகத் தேவைப்பட்டனர். அந்த வகுப்புக்கு வருபவர்கள் பள்ளி முடித்த பிள்ளைகள் அல்லர். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் பலதுறை மருந்தகங்களிலும் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள். குடும்பமும் குழந்தைகளும் உள்ளவர்கள் பலர்.

இத்தகைய ஒருவர் ஆய்வு முறைகள் என்ற பாடத்தை எடுக்கும்போது வழக்கமாக என்ன நடக்கிறது? ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுக்கிறார். கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறார். மூவாயிரம் சொற்களில் எழுதிக் கொடுக்கிறார். விரிவுரையாளர் ஒருவர் படித்து மதிப்பெண் போடுகிறார். அதன்பிறகு அந்தக் கட்டுரையை யாரும் திறப்பதில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கண் எரிய எரிய எழுதிய பக்கங்களுக்கு ஒரே ஒரு வாசகர்! வகுப்பில் இருபது பேர் என்றால் ஒரு பருவத்தில் இப்படி இருபது கட்டுரைகள்.

அதே கட்டடத்தில், இரண்டு கதவு தள்ளி, அதே விரிவுரையாளர் தம் ஆய்வுக்கு ஆயிரக்கணக்கான கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துத் தரம் பிரிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருப்பார்.

ஆயிரத்து இருநூறு சுருக்கங்கள்

இணைப்பதற்கு மிக எளிதான இடம் இதுதான். ஒரு கேள்விக்கு உலகெங்கும் வெளியான ஆய்வுகளை எல்லாம் முறையாகத் தேடி, தகுதியானவற்றை மட்டும் எடுத்து, ஒன்றாக வைத்துப் பார்ப்பது ஒருவகை ஆய்வு. 1993ல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு இதை ஒரு பெரிய இயக்கமாகவே ஆக்கியது. இதன் அடிப்படை விதி ஒன்று: எந்தக் கட்டுரை உள்ளே, எது வெளியே என்பதை ஒருவர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தேடலில் 1,200 சுருக்கங்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். இருவர் பார்க்க வேண்டுமென்றால் 2,400 முறை படிக்க வேண்டும். இருபது மாணவர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 120. வாரத்துக்கு முப்பது என்றால் நான்கு வாரத்தில் முடிந்துவிடும்.

வேலை குறைவது ஒருபுறம். இதில் மாணவர் கற்பது பெரிது. இருவர் எத்தனை இடங்களில் ஒத்துப்போனார்கள் என்று அடுத்த வகுப்பில் கணக்குப் பார்க்கலாம். தொண்ணூறு விழுக்காடு கட்டுரைகளை இருவருமே கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கித் தள்ளினால்கூட, தற்செயலாகவே 82 விழுக்காடு இடங்களில் ஒத்துப்போய்விடுவார்கள். ஆகவே வெறும் ஒற்றுமையை நம்ப முடியாது. தற்செயலைக் கழித்துப் பார்க்க வேண்டும். அதற்காக ஜேக்கப் கோஹன் 1960ல் தந்த ‘கப்பா’ என்ற அளவு பாடநூலில் ஒரு சூத்திரமாக இருக்கும்போது யாருக்கும் மனத்தில் நிற்காது. தம்முடைய 120 சுருக்கங்களில் தமக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஏன் இத்தனை வேறுபாடு என்று வாதிட்டுப் பார்த்தவருக்கு மறக்காது.

புள்ளியியல் பாடமும் இப்படித்தான். பாடநூலோடு வரும் தரவு சுத்தமாக இருக்கும். வார்டிலிருந்து வரும் தரவில் 58.0 கிலோ எடையுள்ள பாட்டி 580 கிலோ ஆகியிருப்பார். முதியோர் பிரிவில் ஏழு வயது நோயாளி இருப்பார். ரத்த அழுத்தம் 120க்குப் பதில் 12 என்று இருக்கும். ஒரு எண்ணின் கடைசிச் சுழியம் எங்கே விழுந்திருக்கும் என்று ஊகிக்க, நள்ளிரவில் அவசரமாகக் கணினியில் எண் தட்டிய அனுபவம் உள்ள தாதியைவிடச் சிறந்த ஆள் கிடையாது. அடையாளம் நீக்கப்பட்ட அத்தகைய தரவைத் துப்புரவாக்குவதையே பாடப்பணியாகக் கொடுத்தால், ஆய்வுக்கும் பயன், மாணவருக்கும் பயன்.

இதில் விரிவுரையாளருக்கு வேலை மிச்சம் என்று நினைப்பது மட்டும் தவறு. முதல் ஆண்டில் மிச்சத்தைவிடச் செலவே அதிகம். எல்லாருக்கும் ஒரே மாதிரி பயிற்சி கொடுக்க வேண்டும். முதல் சில சுருக்கங்களை எல்லாரும் சேர்ந்து பார்த்து அளவுகோலைச் சமன் செய்ய வேண்டும். பிறகு ஒரு பகுதியைத் தாமே மறுபடி சரிபார்க்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர் சம்பளத்துக்கு ஆய்வு உதவியாளரை வைத்துக்கொள்வதே நல்லது.

‘சுடும் வலி’ எந்த வலி?

தமிழ்ச் சமூகத்துக்கு இந்த விவகாரத்தில் நேரடியாக ஒரு பங்கு இருக்கிறது. அது மொழி.

சிங்கப்பூரில் வெளிவரும் பல தாதிமை ஆய்வுகளில் யார் பங்கேற்கலாம் என்ற பகுதியைப் படித்தால், ஆங்கிலமோ மாண்டரினோ பேசத் தெரிந்தவர்கள் என்று இருக்கும். தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி அந்த வரியிலேயே வெளியேறிவிடுகிறார். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. தமிழில் வினாத்தாள் இல்லை, கேட்க ஆள் இல்லை, நிதியும் இல்லை. ஆனால் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. நோய் அதிகம் உள்ளவர்களிடம் கேட்காமலே அவர்களுக்கான பராமரிப்பைத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

வினாத்தாளை மொழிபெயர்த்தால் போதாதா என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். வலியை விவரிக்க ரொனால்ட் மெல்சாக் 1975ல் வெளியிட்ட மெக்கில் வினாத்தாள் உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதில் வலியின் தன்மையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று, ஓரிடத்தில் தொடங்கித் துப்பாக்கிக் குண்டு போல இன்னோர் இடத்துக்குப் பாயும் வலியைக் குறிக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு அதைச் ‘சுடும் வலி’ என்று மாற்றினால் என்ன ஆகும்? தமிழில் துப்பாக்கியும் சுடும், நெருப்பும் சுடும். நோயாளி எரிச்சலைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ‘ஆமாம்’ என்பார். வினாத்தாளில் எரிச்சலுக்குத் தனியாக இன்னொரு சொல் இருக்கிறது. இரண்டும் கலந்துபோய், கணினியில் ஏறும் எண் வேறொருவருடைய வலியாக இருக்கும்.

முதியவர்களிடம் இதற்கெல்லாம் சொல் இல்லாமல் இல்லை. ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்பார்கள். ‘சுருக்குன்னு குத்துது’, ‘கடுகடுன்னு இருக்கு’, ‘இழுத்துப் பிடிக்குது’, ‘குடையுது’. ஒவ்வொன்றும் வெவ்வேறு வலி. இவை அகராதியில் தேடிக் கிடைப்பதைவிட வார்டில் காது கொடுத்துக் கேட்டவருக்கு விரைவில் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஒரு முறை உண்டு. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடியும் ஆங்கிலத்துக்கு மாற்றுவார். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே பிசகியது என்று தெரியும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970ல் விளக்கிய இந்த முறை இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. ஆனால் அதுவும் எல்லாவற்றையும் பிடிக்காது. ‘சுடும்’ என்பதைத் திரும்ப மொழிபெயர்ப்பவர் கெட்டிக்காரராக இருந்து, சரியாக ஊகித்து, துப்பாக்கிச் சொல்லையே போட்டுவிட்டால் பிழை மறைந்துவிடும். ஆகவே கடைசியில் நாலைந்து நோயாளிகளிடம் காட்டி, “இதைப் படிச்சதும் உங்களுக்கு என்ன தோணுச்சு, ஆன்ட்டி?” என்று கேட்டே ஆக வேண்டும்.

முதுநிலை வகுப்பில் இருக்கும் இரண்டு மூன்று தமிழ்த் தாதியருக்கு இதைவிடப் பொருத்தமான பாடப்பணி என்ன இருக்கப் போகிறது? அவர்களுக்குள்ளேயே வேறுபாடு வரும் என்பதும் நல்லதற்குத்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தாதிக்கு ‘மருந்தகம்’ என்றால் மருந்து விற்கும் கடை. இங்கே வளர்ந்தவருக்கு அது மருத்துவர் இருக்கும் இடம், பலதுறை மருந்தகம். ‘சென்ற மாதம் எத்தனை முறை மருந்தகத்துக்குச் சென்றீர்கள்’ என்ற கேள்விக்கு ஒருவர் மருத்துவரைப் பார்த்த கணக்கைச் சொல்வார், இன்னொருவர் மாத்திரை வாங்கிய கணக்கைச் சொல்வார். மனச்சோர்வு பற்றிய வினாத்தாளில் ‘சோர்வு’ என்ற சொல்லும் அப்படித்தான். உடம்பு அசந்துபோனதா, மனசு சரியில்லையா? கேள்விக்குக் கேள்வி இப்படி வாதிட்டு, ஏன் இந்தச் சொல்லைத் தேர்ந்தோம் என்று எழுதி வைத்தாலே அது மதிப்பெண்ணுக்குரிய பாடப்பணி. ஆய்வுக் குழுவுக்கோ, நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் போவதற்கு முன்பே பிழை பிடிபடுகிறது.

பதின்மூன்று வாரம்

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்தின் பாட வாரங்கள் பதின்மூன்று. ஆய்வுக்கு நெறிமுறை வாரியத்தின் அனுமதி கிடைக்கச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகலாம். இரண்டையும் ஒரே பருவத்துக்குள் அடைக்கப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள். வகுப்பு தொடங்கிய பிறகு விண்ணப்பம் எழுதி, பத்தாம் வாரத்தில் அனுமதி வந்து, மூன்று வாரத்தில் நோயாளிகளைத் தேடி ஓடுவது யாருக்கும் நல்லதல்ல.

ஆகவே அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். மாணவர்களின் பெயர்கள் ஆய்வுக் குழுவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆய்வு நெறிமுறைப் பயிற்சியை அவர்கள் முதல் இரண்டு வாரத்தில் முடித்திருக்க வேண்டும். மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015ல் நிறைவேறிய பிறகு இது வெறும் நல்லொழுக்கம் சார்ந்த விஷயமாக இல்லை. நோயாளிகளின் விவரங்களைக் கையாளும்போது 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நினைவில் இருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் இறக்கிவைத்துக்கொண்டு சனிக்கிழமை செய்து முடிக்கலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை.

மலேசியாவில் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் செய்யப்படும் ஆய்வுகள் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழு அவற்றைப் பரிசீலிக்கும். அங்கும் காலக் கணக்கு இதேதான்.

நோயாளியின் பக்கமிருந்தும் ஒன்றைப் பார்க்க வேண்டும். மாணவராக இருப்பவர் அதே வார்டில் தாதியாகவும் இருக்கலாம். காலையில் மாத்திரை கொடுத்தவர், மாலையில் படிவத்தோடு வந்து ஆய்வில் சேருகிறீர்களா என்று கேட்டால் முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? மறுத்தால் நாளைக்குக் கவனிப்பு குறையுமோ என்ற பயம் நம் முதியவர்களிடம் நிறையவே உண்டு. அதனால் தாம் பராமரிக்கும் நோயாளிகளிடம் தாமே ஒப்புதல் வாங்காமல், வேறொரு மாணவரை, சீருடை இல்லாமல் அனுப்புவது நல்ல வழக்கம். ஒப்புதல் தர மறுப்பதும், தந்த பிறகு விலகிக்கொள்வதும் நோயாளியின் உரிமை. அதனால் சிகிச்சையில் எந்த மாற்றமும் வரக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் மருத்துவமனையில் இருந்தால் பிள்ளைகள் இதை அவர்களுக்குச் சொல்லி வைக்கலாம்.

மதிப்பெண் யார் கையில், பெயர் யார் பக்கத்தில்

நோயாளிக்கு இருக்கும் அதே தயக்கம் மாணவருக்கும் இருக்கும். ஆய்வுக்குத் தலைமை தாங்குபவரே மதிப்பெண்ணும் போடுகிறார். “என் ஆய்வில் சேர விருப்பமா?” என்று பேராசிரியர் கேட்கும்போது, இரண்டாண்டு படிப்புக்கு விடுப்பும் உபகாரச் சம்பளமும் வாங்கி வந்திருக்கும் தாதி என்ன பதில் சொல்வார்?

இதற்கு ஒரு வழி, அதே அளவு உழைப்பும் அதே மதிப்பெண்ணும் உள்ள வேறொரு பாடப்பணியைத் தேர்வுக்கு வைப்பது. பெயருக்கு வைத்தால் போதாது. ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு நாலாயிரம் சொல், சேராதவர்களுக்கு எட்டாயிரம் சொல் என்று வைத்துவிட்டு அதைத் தேர்வு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆய்வில் இல்லாத இன்னொரு விரிவுரையாளர் மதிப்பெண் போடுவது அதைவிடச் சிறந்த வழி. மதிப்பெண்ணும் மாணவர் கற்றதற்குத்தான் இருக்க வேண்டும். ஆய்வில் என்ன முடிவு வந்தது என்பதற்கு அல்ல. இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை என்று கண்டதும் ஒரு முடிவே. குவீன்ஸ்லாந்து ஆய்வு அதைத்தான் கண்டது.

அடுத்தது பெயர். ஆய்வு வெளியாகும்போது யாருடைய பெயர் ஆசிரியர் வரிசையில் வரும்? மருத்துவ இதழ் ஆசிரியர்களின் அனைத்துலகக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது அறிவுபூர்வமாகத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரை முழுமைக்கும் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். ஒன்றிரண்டு மட்டும் என்றால் நன்றி கூறும் பகுதியில் பெயர்.

120 சுருக்கங்களைப் படித்துக் கொடுத்த மாணவர் அதனால் மட்டும் ஆசிரியராகிவிட மாட்டார். இதைக் கேட்கும்போது கசப்பாக இருக்கலாம்; ஆனாலும் நியாயம்தான். நியாயமில்லாதது வேறு. மாணவர் முதல் நிபந்தனையை நிறைவு செய்துவிட்டார், ஆனால் கட்டுரையின் வரைவை அவரிடம் காட்டவே இல்லை. பிறகு, “நீங்கள் திருத்தம் எதுவும் செய்யவில்லையே, அதனால் பெயர் போடவில்லை” என்று சொல்வது! இந்தத் தந்திரத்தை அதே குழு தன் விதிகளிலேயே பெயர் சொல்லாமல் கண்டித்திருக்கிறது. முதல் நிபந்தனைக்குத் தகுதியான எவருக்கும் வரைவைத் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்பு தரப்பட வேண்டும். வாய்ப்பை மறுத்து ஆளை விலக்கக் கூடாது என்பது அதன் நிலை. மாணவர்கள் பலருக்கு இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது.

படிப்பு முடிந்து மாணவர் வார்டுக்குத் திரும்பி ஓராண்டு கழித்துத்தான் கட்டுரை தயாராகும் என்பது இன்னொரு நடைமுறைத் தொல்லை. பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி காலாவதியாகியிருக்கும். ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பெயர் விடுபட்டுப்போகும். சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவைப்பது சின்ன வேலை. ஆனால் செய்ய மறந்துவிடும் வேலை.

முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் தாதியர் முதல் வகுப்பிலேயே சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் தவறில்லை, கேட்டதற்காக முகம் சுளிக்கும் ஆய்வுக் குழுவில் சேராமல் இருப்பதே மேல். இந்தப் பாடப்பணி யாருடைய ஆய்வுக்குப் போகிறது? நெறிமுறை அனுமதி வந்துவிட்டதா? சேர விருப்பமில்லை என்றால் வேறென்ன செய்யலாம்? யார் மதிப்பெண் போடுவார்கள்? எவ்வளவு செய்தால் ஆசிரியர், எவ்வளவு செய்தால் நன்றி, அது எழுத்தில் இருக்கிறதா? கட்டுரை வெளியானால் தகவல் வருமா?

தமிழ் தெரிந்தவர் என்றால் கூடுதலாக இன்னொன்று. தமிழ் மட்டும் பேசும் நோயாளிகளை இந்த ஆய்வில் சேர்த்துக்கொள்கிறார்களா, இல்லையென்றால் தமிழ் வினாத்தாளைச் சரிபார்க்கும் வேலையைத் தமக்குத் தர முடியுமா?